எம்.எஸ். மருந்தும் புற்றுநோய்ப் பயமும்: எங்கள் முன்னிருந்த ஐந்து வழிகள்

என் தங்கைக்கு 41 வயதில் எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், என்று உறுதியானபோது, நரம்பியல் மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஐந்து பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்து, வீட்டில் கலந்து பேசி இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். கிளாட்டிரமர், அசத்தியோபிரின், ஃபிங்கோலிமாட், கிளாட்ரிபின், ரிட்டுக்ஸிமாப் என்பவை அந்தப் பெயர்கள். எங்கள் பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அதனால் தங்கை கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியோ ஊசியா மாத்திரையா என்பதைப் பற்றியோ இருக்கவில்லை. "இதுல கேன்சர் வராத மருந்து எது சார்?" என்றாள். "அப்படி மட்டும் கேட்டீங்கன்னா மருந்தே வேண்டாம்னு முடியும்மா. அதுதான் இருக்கிறதிலேயே ஆபத்தான முடிவு" என்றார் அவர்.

அந்த இரண்டு வாரத்தில் படித்தவற்றையும், அதன்பின் வந்த மாதங்களில் கற்றவற்றையும் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதை அவரவர் ஸ்கேனும் வயதும் உடல்நிலையும்தான் தீர்மானிக்கும். ஆனாலும் இந்த மருந்துகளை எந்தக் கேள்விகளோடு ஒப்பிட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்குவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இதைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் எல்லாமே ஏதேனும் ஒரு வகையில் அந்த எதிர்ப்பாற்றலின் மீதுதான் கை வைக்கின்றன. கோளாறாகிப்போன அணுக்களைக் கண்டுபிடித்து அழிப்பதிலும் அதே எதிர்ப்பாற்றலுக்குப் பங்கு இருப்பதால், அதைத் தணித்தால் புற்றுநோய்க்குக் கதவு திறந்துவிடுமோ என்ற சந்தேகம் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. சந்தேகம் நியாயமானதுதான். விடை மட்டும் மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது.

மருந்தைப் பேசுமுன், நோய்க்கே புற்றுநோயோடு தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பிரான்சில் 2012 முதல் 2021 வரையிலான மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எம்.எஸ். உள்ள 1,40,649 பேரையும், அவர்களோடு ஒப்பிட 5,62,596 பேரையும் எடுத்து ஆராய்ந்தார்கள். 1,00,000 பேரை ஓராண்டு கவனித்தால் எம்.எஸ். உள்ளவர்களில் 799 பேருக்கும், இல்லாதவர்களில் 736 பேருக்கும் புற்றுநோய் என்ற கணக்கு வந்தது. மொத்தத்தில் இது 6 சதவீதம் அளவிலான சிறு கூடுதல். ஆனால் வகை பிரித்துப் பார்த்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் 71 சதவீதமும், மூளைக் கட்டிகள் 68 சதவீதமும், கருப்பை வாய்ப் புற்றுநோய் 24 சதவீதமும் கூடுதலாக இருந்தன. மார்பகமும் பெருங்குடலும் புராஸ்டேட்டும் சற்றுக் குறைவாகவே இருந்தன. இதற்கு முன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்த ஆய்வு ஒன்று, எம்.எஸ். உள்ளவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு என்று சொல்லியிருந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: சில வகைப் புற்றுநோய்களில், கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் எம்.எஸ். நோயாளிகளின் கட்டி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. நோய் குறைவாக வந்ததா, தாமதமாகக் கண்ணில் பட்டதா என்று அந்த ஒரு தகவலே நம்மை யோசிக்க வைக்கிறது.

எம்.எஸ். மருந்து என்றாலே புற்றுநோய் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பங்கு மைட்டாக்ஸான்ட்ரோன் என்ற மருந்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் எம்.எஸ். நோய்க்கு அனுமதிக்கப்பட்ட அந்த மருந்து, அதற்கு முன்பே புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தது. முதலில் அதனால் ரத்தப் புற்றுநோய் வருவது மிகமிக அரிது என்று கருதினார்கள். 2010-இல் அமெரிக்க நரம்பியல் கழகம் அதுவரையிலான தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 0.8 சதவீதம் பேருக்கு, அதாவது 125 பேரில் ஒருவருக்கு, ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 12 சதவீதம் பேருக்கு இதயம் சுருங்கி விரியும் திறனும் குறைந்திருந்தது. எங்கள் மருத்துவரின் தாளில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அந்த மருந்தின் கதை எனக்கு நான்கு கேள்விகளைக் கொடுத்தது. வரக்கூடியது எந்தப் புற்றுநோய்? அதை முன்கூட்டியே பார்த்துப் பிடிக்கச் சோதனை உண்டா? மருந்தை நிறுத்தினால் ஆபத்தும் நிற்குமா? எத்தனை ஆண்டு சாப்பிட வேண்டும்? மைட்டாக்ஸான்ட்ரோன் தரும் ரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) போல முன்னதாகவே காட்டிக் கொடுக்கும் சோதனை எதுவும் இல்லை. மருந்தை நிறுத்திய பிறகும் அது வரலாம். வெறும் சதவீதத்தைவிட இந்த இரண்டும்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன.

கிளாட்டிரமரை வைத்துத் தொடங்குகிறேன். 1993-இல் வந்த இன்டர்ஃபெரான் பீட்டாவும், 1996-இல் வந்த கிளாட்டிரமரும் எம்.எஸ். மருந்துகளில் மூத்தவை. இரண்டும் ஊசிகள். முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகப் பல்லாயிரம் பேர் போட்டுக்கொண்ட பிறகும், இவற்றால் புற்றுநோய் கூடுகிறது என்று நம்பத்தக்க சான்று எதுவும் எழவில்லை. நான்கு கேள்விகளுக்கும் இவ்வளவு நிம்மதியான விடை வேறெந்த மருந்துக்கும் கிடையாது. புற்றுநோய்ப் பயம் ஒன்றே அளவுகோல் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் இவை அட்டாக்குகளை, அதாவது நோய் திடீரெனச் சீறிக் கிளம்பும் நிகழ்வுகளை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குறைக்கின்றன. தங்கைக்கு முதல் அட்டாக்கில் வலக்கண் மங்கியது, எட்டு மாதத்துக்குள் இரண்டாவதில் வலக்கால் இழுத்துக்கொண்டது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தண்டுவடத்திலும் தழும்பு தெரிந்தது. அப்படிப்பட்டவருக்கு மூன்றில் இரண்டு பங்கை விட்டுவிடும் மருந்து போதுமா என்பது புற்றுநோய்க் கேள்வியைவிட அவசரமானது. நோய் மெதுவாகப் போகிறவர்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களுக்கும் நான் முதலில் யோசிக்கச் சொல்வது இந்த ஊசிகளைத்தான்.

அசத்தியோபிரின் மலிவான மாத்திரை, எங்கும் கிடைக்கும், அதனாலேயே நம் ஊரில் இன்னும் எழுதப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் தங்கை தாளில் அதன் பெயரை அடித்துவிட்டாள். அவ்வளவு எளிதாக அடித்துவிடக் கூடாது என்றுதான் நான் சொன்னேன். அந்த வகைப்பாடு ஒரு பொருளால் புற்றுநோய் வருமா என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறதே ஒழிய, எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்வதில்லை. எம்.எஸ். நோயாளிகளில் இந்த மருந்தின் ஆபத்து முதல் சில ஆண்டுகளில் தென்படாமல், பத்தாண்டு தொடர்ந்து சாப்பிட்ட பிறகும், வாழ்நாள் மொத்த அளவு 600 கிராமைத் தாண்டும்போதும் கவலைக்குரியதாகிறது என்பதுதான் மருத்துவ நூல்கள் தரும் எச்சரிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 150 மில்லிகிராம் என்றால் ஆண்டுக்கு 55 கிராம். 600 கிராமைத் தொடக் கிட்டத்தட்ட 11 ஆண்டு ஆகும். 100 மில்லிகிராம் என்றால் 16 ஆண்டு. ஆக, இது மூன்று ஆண்டுக்கு ஒரு பாலமாக அமைந்தால் ஒரு மருந்து. 41 வயதில் தொடங்கி 60 வயது வரை யாரும் கணக்குப் பார்க்காமல் ஒரே சீட்டில் வாங்கிச் சாப்பிட்டால் வேறு மருந்து. இரண்டாவது வகையில் இதை எடுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. தவிர, இதன் பலனுக்கான சான்றும் பழையது, மெலிந்தது. நாங்கள் இதை விட்டதற்குப் புற்றுநோய் இரண்டாவது காரணம்தான்.

ஃபிங்கோலிமாட் தினம் ஒரு கேப்சூல். 2010-இல் வந்தது. வெள்ளணுக்களில் ஒரு வகையை நிணநீர்க் கணுக்களை விட்டு வெளியேறாமல் பூட்டி வைக்கிறது. அட்டாக்குகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். ஊசி வேண்டாம் என்பதால் தங்கைக்கு முதலில் பிடித்தது இதுதான். மேல்நாட்டுக் கையேடுகள் இதோடு சேர்த்து எழுதுவது தோல் புற்றுநோயை. மருந்தைத் தொடங்குமுன்னும் பின்னும் தோலைப் பரிசோதிக்கச் சொல்கின்றன. சுவீடனில் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு ரிட்டுக்ஸிமாப், ஃபிங்கோலிமாட், நட்டாலிசுமாப் என்ற மற்றோர் எம்.எஸ். மருந்து ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஃபிங்கோலிமாட் எடுத்தவர்களிடம் மட்டும் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அதுவும் தற்செயலா இல்லையா என்று அறுதியிட முடியாத எல்லைக்கோட்டில் நின்றது.

இந்த இடத்தில் மேல்நாட்டுக் கையேட்டை அப்படியே நம் உடலுக்குப் பொருத்தக் கூடாது என்பது என் எண்ணம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய்கள் வெள்ளைத் தோலில் மிகுதி. நம் நிறத்தில் அரிது. தோல் புற்றுநோயில் ஆபத்தான வகையான மெலனோமா நமக்கு வரும்போது, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற, யாரும் தேடாத இடங்களில் வருகிறது. ஆகவே முதுகையும் கழுத்தையும் பார்த்துவிட்டுக் காலைப் பார்க்காத பரிசோதனை நமக்குப் பாதிப் பரிசோதனைதான். அதைவிட முக்கியமானது, அதே கையேட்டில் தோலைப் பற்றிய பத்திக்குக் கீழே சிறிதாக இருக்கும் இன்னொரு எச்சரிக்கை: இந்த மருந்து எடுப்பவர்களில் எச்.பி.வி. வைரஸ் தொற்றும், அதனோடு தொடர்புடைய புற்றுநோய்களும் பதிவாகியுள்ளன. ஆகவே பேப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து அணுக்களை எடுத்துப் பார்ப்பது) உள்ளிட்ட சோதனையும் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் அந்த வைரஸ்தான். இந்தியப் பெண்களிடையே மார்பகத்துக்கு அடுத்து அதிகம் காணப்படுவது அந்தப் புற்றுநோய்தான். நம் ஊர்ப் பெண்ணுக்கு ஃபிங்கோலிமாட் எழுதும்போது மருத்துவரும் குடும்பமும் முதலில் கேட்க வேண்டியது, "கடைசியா பேப் ஸ்மியர் எப்ப எடுத்தீங்க?" என்பதுதான். தங்கை 41 வயதுவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை. அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கருப்பை வாய்க்கு இலவசச் சோதனை உண்டு என்பதும் எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஃபிங்கோலிமாட்டைப் பற்றி இன்னொன்று. மாத்திரைதானே, பயமாக இருந்தால் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பிய நிகழ்வுகள் உண்டு. இதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. எனவே என் மூன்றாவது கேள்விக்கு இதன் விடை, நிறுத்தலாம், ஆனால் அடுத்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும் என்பது.

கிளாட்ரிபின் இதற்கு நேர் எதிரான மருந்து. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 20 நாள்களுக்கு மேல் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. அதன்பின் அடுத்த இரண்டு ஆண்டுகள் மருந்தே இல்லை. அட்டாக்குகளை 58 சதவீதம் குறைத்ததாக இதன் முதன்மை ஆய்வு 2010-இல் சொன்னது. ஆனால் அந்த ஆய்விலேயே, மருந்து பெற்றவர்களில் சிலருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. 2011-இல் ஐரோப்பா அனுமதி மறுத்தது. மேலும் பல ஆண்டுத் தரவுகள் சேர்ந்த பிறகு 2017-இல் அங்கும், 2019-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அட்டையிலேயே புற்றுநோய் எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டார்கள். அந்த எச்சரிக்கையின் பின்னுள்ள, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த எண்கள் இவை: 10,000 பேரை ஓராண்டு கவனித்தால் மருந்து பெற்றவர்களில் 27 புற்றுநோய்கள், போலி மருந்து பெற்றவர்களில் 13. இரண்டு மடங்கு என்று தலைப்பெழுத இடமுண்டு. ஆனால் அந்த விகிதங்கள் முறையே 10 நிகழ்வுகளிலிருந்தும் 3 நிகழ்வுகளிலிருந்தும் வந்தவை. மூன்று என்பது தற்செயலாக ஐந்தாகியிருந்தால் கதையே மாறியிருக்கும். பிற எம்.எஸ். மருந்துகளின் ஆய்வுகளோடு பின்னர் ஒப்பிட்டவர்கள், அந்த முதன்மை ஆய்வின் கிளாட்ரிபின் குழுவில் புற்றுநோய் மிகவில்லை, போலி மருந்துக் குழுவில்தான் வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமில்லாமல் போயிற்று என்று காட்டினார்கள். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகவே இருக்கிறது. இருந்தும் நாங்கள் தயங்கியது வேறொரு காரணத்தால். விழுங்கிய கிளாட்ரிபினைத் திரும்ப எடுக்க முடியாது. அது குறைத்த வெள்ளணுக்கள் மெல்லத்தான் மீள்கின்றன. ஒரு வருடம் கழித்து மார்பில் கட்டி தெரிந்தால், "மருந்தை நிறுத்துங்கள்" என்று சொல்ல நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது. தினமும் மாத்திரையை மறக்கிறவருக்கோ, அடிக்கடி மருத்துவமனைக்கு வர இயலாதவருக்கோ இதே குணம் பெரிய வரம். பெரியம்மாவின் நினைவோடு வாழ்கிற வீட்டுக்கு அது சுமை.

எஞ்சியது ரிட்டுக்ஸிமாப். அதோடு அதன் நெருங்கிய உறவான ஒக்ரெலிசுமாப்பையும் சேர்த்தே பேச வேண்டும். இரண்டும் பி அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்களை மட்டும் குறிவைத்து நீக்குகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ் போல ஏற்றப்படுகின்றன. 2017-இல் வெளியான ஒக்ரெலிசுமாப் ஆய்வுகளில், மருந்து பெற்ற 781 பெண்களில் 6 பேருக்கு மார்பகப் புற்றுநோய்; ஒப்பீட்டுக் குழுவின் 668 பெண்களில் ஒருவருக்கும் இல்லை. தங்கையின் கண் இந்த வரியிலேயே நின்றுவிட்டது. கிளாட்ரிபினுக்குச் சொன்னதையே இங்கும் சொல்ல வேண்டும்: நடுத்தர வயதுப் பெண்கள் 668 பேரைச் சில ஆண்டுகள் கவனித்தால் ஒருவருக்குக்கூட வராதிருப்பதுதான் ஆச்சரியம். அதன்பின் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அந்த வயதுப் பெண்களிடம் எதிர்பார்க்கும் அளவைத் தாண்டி அது ஏறிக்கொண்டே போகவில்லை. ரிட்டுக்ஸிமாப் விஷயத்தில் நமக்கு இன்னும் உறுதியான துணை சுவீடன். அந்த நாட்டில் எம்.எஸ். நோயாளிகளில் பெரும்பகுதியினர் இதைத்தான் பெறுகிறார்கள். முன்பு சொன்ன 2020 ஆய்வில் இதைப் பெற்றவர்களுக்குப் பொதுமக்களைவிடப் புற்றுநோய் மிகவில்லை. பலனைப் பொறுத்தவரை, 2022-இல் வந்த சுவீடன் ஆய்வில், டைமெத்தில் ஃபியூமரேட் என்ற வேறோர் எம்.எஸ். மாத்திரை பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு இரண்டாண்டில் அட்டாக் வந்தபோது, ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கென முதன்முறையாகச் சேர்த்த மூன்று மருந்துகள் கிளாட்டிரமர், கிளாட்ரிபின், ரிட்டுக்ஸிமாப். ஒக்ரெலிசுமாப் நம் போன்றவர்கள் தொட முடியாத விலை. ரிட்டுக்ஸிமாப்பின் பயோசிமிலர், அதாவது அதை ஒத்த மலிவுப் பதிப்பு, 2007 முதலே இந்தியாவில் தயாராகிறது என்பதால் அது எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதன் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலினின் அளவு குறையலாம், தொற்றுகள் கூடலாம், பழைய ஹெபடைட்டிஸ் பி தொற்று விழித்துக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்யாமல் முதல் பாட்டிலைத் தொங்கவிடக் கூடாது.

தங்கை ரிட்டுக்ஸிமாப்பைத்தான் தேர்ந்தாள். முதல் டோஸ் ஏற்றிய இடம் மருத்துவமனையின் கீமோதெரபி பகல்நேர வார்டு, ஏனென்றால் அந்த மருந்து பழக்கமான செவிலியர்கள் இருந்தது அங்கேதான். 1997-இல் நிணநீர்ப் புற்றுநோய்க்கென வந்த மருந்து அது. பக்கத்துச் சாய்வு நாற்காலியில், தலையில் துண்டு கட்டியிருந்த அம்மா ஒருவர் பரிவோடு திரும்பி, "உனக்கு எந்த இடத்துலம்மா?" என்று கேட்டார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயந்து தேர்ந்த மருந்தை, புற்றுநோயாளிகளின் நடுவில், புற்றுநோய் மருந்தாகவே ஏற்றிக்கொண்டிருந்தோம். "நரம்புலம்மா" என்றாள் கடைசியில். அந்த அம்மா தலையசைத்துவிட்டுத் தம் பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து நீட்டினார்.

மருந்துகளுக்கிடையே உள்ள வேறுபாடு இந்த அளவில் என்றால், மருந்துக்கு வெளியே உள்ள வேறுபாடு அதற்குக் குறைந்ததல்ல. முதல் டோஸுக்கு முன் மேமோகிராம் எடுக்கப் போனபோது, நின்றுகொண்டே இயந்திரத்தில் சாய்ந்து, மூச்சை அடக்கி அசையாமல் இருக்கச் சொன்னார்கள். வலக்கால் நடுங்கியதால் இரண்டு படங்கள் கலங்கிப் போயின. "இன்னொரு நாள் வாங்களேன்" என்றார் டெக்னீஷியன். பின்னால் சக்கரம் பூட்டிய நாற்காலி போட்டு உட்காரவைத்து எடுக்க முடியுமா என்று நான் கேட்ட பிறகுதான், இயந்திரத்தைத் தாழ்த்தலாம் என்பது அவருக்கே நினைவு வந்தது. கேட்காமல் திரும்பியிருந்தால் அந்த இன்னொரு நாள் வந்திருக்குமா என்பது சந்தேகமே. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கட்டிகள் ஏன் பெரிதாக இருந்தன என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அந்த அறையில்தான் கிடைத்தது.

சிறுநீர்ப்பையும் அப்படித்தான். எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். சிலருக்குச் சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் நிரந்தரத் துணை. அதனால் சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், வழக்கமான தொற்றுதான் என்று ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். பிரெஞ்சு ஆய்வின் 71 சதவீதத்தை நினைவில் வைத்திருப்பவர் அப்படி இருக்க மாட்டார். புகை பிடிப்பவர் என்றால் அவர் எந்த மருந்தைத் தேர்ந்தாலும் முதலில் விட வேண்டியது சிகரெட்டை. அது சிறுநீர்ப்பையையும் கெடுக்கிறது, எம்.எஸ். நோயையும் விரைவுபடுத்துகிறது.

தங்கையின் ஃபைலில் இப்போது முதல் பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸுக்கு எப்படியும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும் என்பதால், ஒன்றுவிட்டு ஒரு முறை அதே பயணத்தில் மார்பகப் பரிசோதனை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேப் ஸ்மியர். ஒவ்வொரு முறையும் இம்யூனோகுளோபுலின் அளவு. ஐம்பது வயதில் இதே மருந்து இன்னும் வேண்டுமா, இடைவெளியைக் கூட்டலாமா என்று மறுபடி கேட்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் அவளே எழுதியிருக்கிறாள்.